டெல்டா பையன்களுக்கு ஒரு ஓடுபாதை: விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு,

வணக்கம். கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பைக் பந்தயம் பற்றி இவர்களிடம் ஏன் எழுதுகிறான் என்று யாராவது கேட்டால், 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு விளக்குப் போட்டு, ராத்திரியில் கார்ப் பந்தயம் நடத்தியதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் பதில். மோட்டார் பந்தயமும் விளையாட்டுதான் என்று நீங்களே ஒத்துக்கொண்டு விட்டீர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன்: எங்கள் டெல்டா பையன்கள் ரோட்டில் ஓட்டாமல் முறையாக பைக் ஓட்ட ஒரு பாதை வேண்டும்.

உலக பைக் பந்தயச் சாம்பியன்ஷிப்பான மோட்டோஜிபியின் 2025 சீசனை எங்கள் பக்கத்துப் பையன்களோடு உட்கார்ந்து பார்த்தேன். ஐரோப்பாவில் நடக்கிற பந்தயம் என்றால் நமக்கு ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை மணி, டீக்கடை நேரம். ஜப்பான் என்றால் காலையிலேயே. செப்டம்பர் 28 அன்று அங்கே மோட்டேகி பாதையில் ஸ்பெயின் வீரன் மார்க் மார்க்கெஸ் இரண்டாவதாக வந்து சீசன் பட்டத்தை உறுதி செய்தபோது, இன்னும் ஐந்து ஊர்ப் பந்தயங்கள் பாக்கி இருந்தன. அந்த மனிதன் ஹெல்மெட்டுக்குள் அழுததைப் பார்த்து இங்கே வயலுக்குப் போக வேண்டிய பையன்களும் அழுதார்கள். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் விழுந்து வலது மேற்கை எலும்பு உடைந்து, ஒரு வாரத்துக்குள்ளேயே திரும்பி ஓட்டப் பார்த்து, உள்ளே வைத்த தகடும் உடைந்து, அந்தக் கைக்கே நான்கு அறுவைச் சிகிச்சை. அப்புறம் ஹோண்டா அணியை விட்டுவிட்டு, கிரெசினி என்கிற சின்ன அணியின் பழைய டுகாட்டி வண்டியில் ஏறி, அங்கிருந்து டுகாட்டியின் சொந்த அணிக்குப் போய், 2019-க்குப் பிறகு மறுபடியும் சாம்பியன். இரண்டாம் இடம் அவன் தம்பி அலெக்ஸுக்கு. அண்ணனும் தம்பியும் முதல் இரண்டு இடத்தைப் பிடிப்பது இந்தப் பந்தயத்தில் இதற்கு முன் நடந்ததே இல்லை.

அடுத்த ஞாயிறே இந்தோனேசியாவின் மண்டலிகாவில் முதல் சுற்றிலேயே இத்தாலி வீரன் மார்க்கோ பெட்செக்கி பின்னாலிருந்து இடித்ததில் இரண்டு பேரும் பாதையோரச் சரளைக்கல் பரப்பான கிராவலில் உருண்டார்கள். மார்க்கெஸுக்கு வலது தோளில் எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, அத்தோடு அவன் சீசன் முடிந்தது. இடித்த பெட்செக்கி மன்னிப்புக் கேட்டான், ஆஸ்திரேலியாவில் அதற்குத் தண்டனையும் அனுபவித்தான். மார்க்கெஸ் இல்லாத அந்தக் கடைசிப் பந்தயங்களைப் பார்க்கும்போதுதான், விழுகிறவர்களைப் பற்றி நான் அதிகமாக யோசித்தேன். 2024 சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டின், பதினோரு விலா எலும்பு முறிவோடு கத்தாரில் மருத்துவமனையில் கிடந்த சீசனும் இதேதான். மலேசியாவில் மோட்டோ3 என்கிற சின்ன வண்டிப் பிரிவின் பந்தயம் தொடங்குவதற்கு முன்னாலேயே இரண்டு பையன்கள் மோதிக்கொண்டு ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டுகிற இவர்கள் விழுந்தும் எழுந்து வருகிறார்கள் என்றால் காரணம் வீரம் மட்டும் இல்லை. விழும்போது உப்பி உடலைக் காக்கிற ஏர்பேக் உள்ள சூட், 2018-லிருந்து அது கட்டாயம். விழுந்தவன் உருண்டு நிற்க அகலமான கிராவல். ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள். டாக்டர் சரி என்று சொல்லாமல் வண்டியில் ஏற முடியாது. 2021-இல் ஒரே வருஷத்தில் சின்ன வயசுப் பந்தய வீரர்கள் மூன்று பேர் இறந்தபோது, உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டக் குறைந்தபட்ச வயது பதினெட்டு என்று மாற்றினார்கள், 2023-லிருந்து அது நடைமுறை. அதே 2023 ஆகஸ்டில் சென்னைப் பக்கத்து நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் பதிமூன்று வயசுப் பெங்களூருச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் திரையில் பார்க்கிற எங்கள் பையன்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? பைபாஸ் இருக்கிறது. புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலை இருக்கிறது. ஆற்றங்கரை ரோட்டு வளைவு இருக்கிறது. குறுவை அறுப்பு நேரத்தில் அந்த ரோட்டில் பாதி நெல் காயும், வைக்கோல் கிடக்கும், ராத்திரியில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், களம் இல்லாதவன் ரோட்டில்தான் காயப்போடுவான். பாதை இல்லாத பையனும் ரோட்டில்தான் ஓட்டுகிறான். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், மார்க்கெஸ் மாதிரியே முழங்கையைத் தாழ்த்தி வளைவில் சாய்கிறவன், அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்து கால் போய் வீட்டில் கிடக்கிறான். போலீஸ் வண்டியைப் பிடிக்கும், கேஸ் போடும், அது அவர்கள் வேலை. ஆனால் பிடிபட்டவனுக்குச் சரியாக ஓட்டக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை.

முறையாக ஓட்ட வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை, இல்லாவிட்டால் கோயம்புத்தூரின் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதை. இங்கிருந்து இரண்டும் ஒரு ராத்திரிப் பயணம். அங்கே போய்ச் சேர்ந்தாலும் சூட் வேண்டும், பூட்ஸ் வேண்டும், நல்ல சூட் விலைக்கு இங்கே ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பையன் எங்கே போவான்?

மோட்டோஜிபியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அது 2023-இல் டெல்லி பக்கத்து கிரேட்டர் நொய்டாவுக்கு வந்தது, பெட்செக்கிதான் ஜெயித்தான், அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பி வரவே இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம். சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுபாதையில்தானே ஒரு காலத்தில் சென்னைப் பந்தயங்கள் நடந்தன? உளுந்தூர்பேட்டையிலும் அப்படி ஒரு பழைய ஓடுபாதை உண்டு. அது கிடைக்காவிட்டால் டெல்டாவில் வேறு இடம் பாருங்கள். மாசத்தில் ஒரு ஞாயிறு, வைக்கோல் கட்டை அடுக்கித் தடம் போட்டு, வாடகைக்கு சூட்டும் ஹெல்மெட்டும் வைத்து, பந்தய அனுபவம் உள்ள ஒருவரைப் பயிற்சிக்கு வைத்து, ஆம்புலன்ஸும் டாக்டரும் நிற்க, பதினெட்டு வயசு ஆனவர்களை மட்டும் விடுங்கள். ஜல்லிக்கட்டுக்கு இதைத்தானே அரசு செய்கிறது? மாடுபிடிக்கிறவனுக்கு மருத்துவப் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு, தயாராக ஆம்புலன்ஸ். ஆபத்து இருக்கிறது என்று விளையாட்டை விடவில்லையே, விதி போட்டு நடத்துகிறோம்.

அடுத்த குறுவை அறுப்பு தொடங்கி ரோட்டில் நெல் வருவதற்குள் ஒரே ஒரு ஞாயிறு நடத்திப் பாருங்கள். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துப் பையன்களைத் திரட்டி, லைசென்ஸையும் வீட்டு ஒப்புதலையும் சரிபார்த்துக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு. தடத்துக்கு வைக்கோல் கட்டும் நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கும்பகோணத்து ரசிகன்