அக்காவுக்கு: கடை வேலை பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் சுகமறிய ஆவல். பிள்ளை படிக்க வந்தால் சுப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலை எடுக்கலாமோ என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர்கள் வாரத்துக்கு 24 மணித்தியாலம் வரை வெளியில் வேலை செய்யலாம். ஆனால் அந்த வேலை இப்போது வேறு மாதிரி.

பெரிய கடைகளில் சாமான் வாங்குபவரே ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுகிற மெசின்கள் வந்துவிட்டன. ஆறு, எட்டு மெசினுக்கு ஒரு ஆள்தான் நிற்பார். மெசின் ஏன் நின்றது என்று உடனே பிடிப்பதுதான் அவருடைய தொழில்.

பை வைக்கிற தட்டுக்குக் கீழே தராசு இருக்கும். ஸ்கேன் பண்ணின பொருளின் நிறை கணினியில் பதிந்த நிறையோடு ஒத்துப்போகாவிட்டால் மெசின் நின்று, மேலே லைட் எரியும். வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையை முதலிலேயே தட்டில் வைத்தாலும், பிள்ளைகள் தட்டில் சாய்ந்தாலும், வாழ்த்து அட்டை மாதிரி நிறையே இல்லாத பொருளை வைத்தாலும் அப்படித்தான். கம்பனி பக்கெற்றின் நிறையை மாற்றி, கணினியில் பழைய நிறையே கிடந்தால் அன்று முழுக்க அதே பொருளுக்கு நிற்கும். அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்காமல் மனேஜரிடம் சொல்லிப் பதிவைத் திருத்த வேண்டும்.

மரக்கறி, பழங்களுக்கு ஸ்டிக்கரில் மெசினில் அமத்துகிற நாலு இலக்க நம்பர் ஒன்று இருக்கும். வாழைப்பழம் 4011, இயற்கை முறையில் விளைந்தது என்றால் முன்னுக்கு ஒரு 9 சேரும், 94011. ஸ்டிக்கர் விழுந்துவிட்டால் சனம் மெசினில் உள்ள படத்தைப் பார்த்துத் தவறாக அமத்தும். அடிக்கடி விலைபோகிற இருபது நம்பர்களையாவது பிள்ளை பாடமாக்கட்டும். பியர், வைன் வந்தால் 19 வயதாகிவிட்டதோ என்று ஆள்தான் அடையாள அட்டை பார்க்க வேண்டும். பில் வெறுமையாக வந்தால் மெசின் பழுதில்லை. அந்தக் கடதாசியில் ஒரு பக்கம்தான் எழுத்து விழும். சுருளைப் புரட்டிப் போட்டிருப்பார்கள்.

எனக்கு மனவருத்தம் தருவது ஒன்றுதான், அக்கா. முந்தி இங்கிலீஷ் குறைவாகத் தெரிந்த எங்கட சனத்துக்கும் கேஷியர் நிற்கிற லேனில் இடமிருந்தது. ஸ்கேன் பண்ணி, மிச்சக் காசு கொடுத்து, நாலு வசனத்தோடு நாள் போய்விடும். அந்த இலகுவான பகுதியை மெசின் எடுத்துக்கொண்டு, கோபமாக நிற்கிற ஆளோடு பேசுவதை மனிதருக்கு விட்டிருக்கிறது. பிள்ளை இப்போதே வாய்விட்டுப் பேசிப் பழகட்டும். படிப்பு இங்கிலீஷ் இதற்குக் காணாது.

நேர்முகத்தில் சம்பளத்துக்கு முதல், வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணித்தியாலம் தருவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மணித்தியாலத்தைத்தான் வெட்டுகிறார்கள். இரவில் கடைத் தட்டுகளில் சாமான் அடுக்குகிற வேலையையும், எங்கட தமிழ்க்கடைகளையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

அம்மாவின் கண் ஒப்பரேஷன் எப்போது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி