காரைக்குடியில் இரவு தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் கானாடுகாத்தானில் இரண்டு வீடு, ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, மத்தியானம் இலைச் சாப்பாடு என்று முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மதுரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் ஊர் உயிர் பெறுவதே அதற்கப்புறம்தான்!

வெயில் இறங்கியதும் கொப்புடைய நாயகி அம்மன் கோவில் பக்கம் நடந்து பாருங்கள். வழியில் வெள்ளைப் பணியாரம் சுடுகிற அம்மா கிடைத்தால் நின்றுவிடுங்கள். ஓரம் லேசாக மொறுமொறுத்து, நடுவில் பஞ்சுபோல உப்பி, குழிக்கரண்டியில் எண்ணெய் வடிய வடிய வரும். காரச் சட்னியோடு நாலு தின்றபிறகு ஹோட்டல் நினைப்பே வராது. ஒன்பது மணிக்கு மேல் கொத்து புரோட்டா தட்டுகிற சத்தம்தான் எங்களுக்குக் கச்சேரி.

அப்புறம் பழைய வீதிகள். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஆள் இருக்கிற வீட்டில் மட்டும் திண்ணையில் ஒரு பெரியவர் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். மரியாதையாகக் கேட்டால் முன்னோர் பர்மாவுக்குப் போய்த் தொழில் செய்த கதை வரும், சில நேரம் காபியும்!

2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிற பகுதி இது. ஆனால் இந்த வீதிகளில் பாதி விளக்கு எரிவதில்லை. போன வாரம் நானே திறந்த சாக்கடையில் கால் விட்டேன். விளக்கும், இரவு பத்து மணி வரை கானாடுகாத்தானுக்கு ஒரு பஸ்ஸும் கொடுத்தால் போதும்.

– ஒரு வாசகர், காரைக்குடி