அக்காவுக்கு, குவாதலூப் பற்றி

அக்கா,

அடுத்த வாரம் அப்பாவின் திதி. போன வருஷம் அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று ஊரே கேட்டது, நீ மட்டும் கேட்கவில்லை. போனில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், தெரியும். ஆகவே வீட்டு விஷயம் இதில் இல்லை. ஆஸ்பத்திரியின் கடைசி ராத்திரியும் இல்லை. அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

ஒத்தைப் பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போனாள் என்றார்கள். ஆமாம், போனேன், கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுக்கு. எரிமலை லா சூஃப்ரியேர் மேல் ஏறினேன். 1,467 மீட்டர்; உச்சியில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, கந்தக நாற்றம் மட்டும் சட்டையோடு இறங்கி வந்தது. கார்பே அருவியைப் பார்த்தேன். கடற்கரைகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கபெஸ்தேர் என்ற ஊரைப் பற்றி. ஒரு பக்கம் வாழைத்தோட்டம், ஒரு பக்கம் கடல். திதி அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கிளம்பக்கூடாது. ஷாங்ஜி என்ற இடத்தில் இருக்கும் இந்துக் கோயிலின் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு கார் நின்றது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, நம் அத்தை ஜாடை. தனியாகவா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்காமல் கதவைத் திறந்தார். அக்கா, அந்த ஒரு வருஷத்தில் என்னிடம் ஏன் என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.

வீட்டு முற்றத்தில் ஒரு கொடிமரம். அடியில் திருநீறு மாதிரி ஏதோ பூசிய கல், ஒரு விளக்கு. சாமி யார் என்று கேட்டேன். "நாகூலு மிலா" என்றார். நம் நாகூர் ஆண்டவர்! அப்பா நம் இரண்டு பேரையும் கந்தூரிக்குக் கூட்டிப்போன அதே நாகூர். 1854 டிசம்பர் 24 அன்று நம் நாட்டுக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் 'ஒரேலி' இந்தத் தீவுக்கு வந்தது. அடிமை முறை ஒழிந்து ஆறு வருஷம், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பாண்டிச்சேரியிலும் நம் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். கடலில் காப்பாற்றுவார் என்று வேண்டிக்கொண்டு வந்த சாமியை, கரை சேர்ந்த பிறகும் விடவில்லை. எங்கள் பாட்டனுக்கு பாட்டன் காலத்திலிருந்து இந்தக் கொடி என்றார் அந்த அம்மா. எனக்கு நிற்க முடியவில்லை. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாதவள், சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோதும் அழாதவள்.

அப்புறம் வாழையிலை போட்டார். சோறு, ஆட்டுக்கறி கொலொம்போ. கொத்தமல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் சேர்த்து அரைத்த நம் குழம்புதான். குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் ஒரு பிடி வெறும் சோற்றை எடுத்துக்கொண்டு போய் மதில்மேல் வைத்தேன். அங்கே நம் ஊர்க் காகம் இல்லை. காகத்தில் பாதி இருக்கும் ஒரு கறுப்புப் பறவை வந்தது. மஞ்சள் கண். முதலில் என்னைப் பார்த்தது, பிறகு சோற்றைக் கொத்தியது. நான் கும்பிட்டேன்.

கறியும் சாப்பிட்டேன், அக்கா. திதி நாளில். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த இலையை மடித்து எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை, அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார்.

உன்னைத் தனியாக விட்டதற்கு மட்டும் மன்னித்துக்கொள். வடைக்கு அரைத்தது முதல் வந்தவர்களுக்குப் பதில் சொன்னது வரை எல்லாம் நீ. ஆனால் ஒன்று யோசித்துப் பார். அத்தான்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஆண்பிள்ளையில்லாத வீடு என்று, பெண்களான நம் இருவரையும் சமையல்கட்டில்தானே நிறுத்தியிருப்பார்கள்? அப்பாவுக்கு என் கையால் ஒரு பிடி சோறு வைக்க அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. இது உனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். உனக்குப் புரியும் என்றும் நினைத்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினாயே, அது இன்னும் வலிக்கிறது. அத்தானின் பேச்சைக் கேட்டு அனுப்பினாயா, நீயாகவே அனுப்பினாயா என்று இங்கே கேட்க மாட்டேன்.

இந்த வருஷம் திதிக்கு வருகிறேன். மதிலுக்குச் சோறு நான்தான் எடுத்துப்போவேன், அத்தானிடம் நீயே சொல்லிவிடு. அது முடிந்ததும் அதே கடலில் இருக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக் போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. உன் பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்து வை. நீ வந்தால் பெரிய பை எடுத்துக்கொள்கிறேன். வராவிட்டாலும் போவேன்.