‘எச்’ ஒப்புதலுக்கான பின்னணிச் சோதனை: டி.எஸ்.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.வின் அதிகாரிகளுக்கும் மாநில ஓட்டுநர் உரிம அலுவலகங்களுக்கும்,

வணக்கம். பெட்ரோல் டேங்கரோ குளோரின் சிலிண்டரோ ஏற்றி, அபாய அட்டை மாட்டி ஓட்டுபவரின் வணிக ஓட்டுநர் உரிமத்தில், ஆபத்தான சரக்கை ஏற்ற அனுமதிக்கும் ‘எச்’ ஒப்புதல் இருக்க வேண்டும். அதற்குக் கைரேகைச் சோதனை 2005 முதல் கட்டாயம். சோதனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விண்ணப்பம் எங்கே முடங்குகிறது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

எஃப்.பி.ஐ. பதிவேட்டில் கைது இருக்கும். வழக்கு என்ன ஆயிற்று என்பது பல சமயம் இருக்காது. நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தாலும் அந்தச் சேதி மத்தியப் பதிவேடு வரை போய்ச் சேராமல் நின்றிருக்கும். தகுதி இழக்கச் செய்யும் குற்றப் பட்டியலில் உள்ள ஒன்றுக்கான கைது அப்படி முடிவில்லாமல் தெரிந்தால், மத்திய விதி 1572.103-இன்படி நீங்கள் ஓட்டுநருக்குக் கடிதம் அனுப்புகிறீர்கள். 60 நாளுக்குள் தண்டனை இல்லை என்று எழுத்துச் சான்று தர வேண்டியவர் அவர்தான். தராவிட்டால் தகுதி போயிற்று. கடிதம் வீட்டு அஞ்சல் பெட்டியில் கிடக்க, ஆள் மூன்று மாநிலம் தள்ளி வண்டியில் இருப்பார். பழைய வழக்கென்றால் நீதிமன்றக் கோப்பே அழிக்கப்பட்டிருக்கலாம். இல்லாத காகிதத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவது?

கைது நடந்த மாநிலமும் தேதியும் உங்கள் கையில் இருக்கும்போது, முதலில் நீங்களே அந்த நீதிமன்ற எழுத்தரிடம் கேளுங்கள். ‘கோப்பு அழிக்கப்பட்டது’ என்று எழுத்தர் முத்திரையிட்டுத் தரும் கடிதத்தை எப்படி எடைபோடுவீர்கள் என்பதையும் வெளிப்படையாக அறிவியுங்கள். அதுவரை ஓட்டுநர்கள் செய்யக்கூடியது ஒன்று: பழைய கைது ஏதாவது இருந்தால், தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கி வைத்துக்கொண்டே கைரேகை கொடுக்கப் போவது.

அடுத்த குழப்பம், மேல்முறையீடும் விலக்கும். ‘பதிவு தவறு’ என்பவருக்கு மேல்முறையீடு. ‘பதிவு சரி, ஆனால் என்னால் ஆபத்தில்லை’ என்பவருக்கு விலக்கு. கொள்ளை, தீவைப்பு, போதைப்பொருள் விநியோகம் போன்றவற்றில் தண்டனை பெற்று 7 ஆண்டு ஆகாதவரும், சிறையிலிருந்து வந்து 5 ஆண்டு ஆகாதவரும் விலக்குக் கேட்கலாம். உளவு, தேசத்துரோகம், பயங்கரவாதம் என்றால் அதற்கும் வழியில்லை. தவறான கதவைத் தட்டியவருக்குக் காலம்தான் விரயம். கடிதத்தின் முதல் பத்தியிலேயே இந்த வித்தியாசத்தை எளிய சொற்களில் எழுதினால் என்ன?

துறைமுக அட்டையான ‘ட்விக்’ வைத்திருப்பவரின் பின்னணியை அதே குற்றப் பட்டியலை வைத்து நீங்களே ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அந்த அட்டை 5 ஆண்டு செல்லும். இருந்தும் அந்தச் சோதனையை ஏற்காத மாநிலத்தில் ‘எச்’ கேட்டால் திரும்பவும் கைரேகை, திரும்பவும் முழுக் கட்டணம். எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும்.

பெயர் விஷயம் சிறியது, ஆனால் ஆளைப் படுத்துகிறது. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள குடியேறிகளின் ஆவணம் ஒன்றில் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று இருக்கும், உரிமத்தில் வேறு மாதிரி இருக்கும். முன்பதிவின்போதே இதைக் கேட்டுவிட்டால் கைரேகை மையத்திலிருந்து திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

மாநில அலுவலகங்களுக்கு ஒன்று. ஒப்புதல் காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே நீங்கள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஓட்டுநரும் உரிய கெடுவுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். டி.எஸ்.ஏ. முடிவு வராவிட்டால் 90 நாள் நீட்டிக்க விதி இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. உரிய நேரத்தில் விண்ணப்பித்தவருக்கு அந்த 90 நாளை அவர் கேட்காமலே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆபத்தான சரக்குப் போக்குவரத்தில் பணிபுரிவோர்