போத்தலை விடுங்கள், ஓடைக் கல்லைப் புரட்டுங்கள்

மலையகத் தோட்ட முகாமையாளர்களுக்கும் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் லயங்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலித் தண்ணீர், அதாவது குழாய் வழி வரும் தண்ணீர், மேலேயுள்ள ஓடையிலிருந்து வருகிறது. ஓடைக்கு மேலே தேயிலை மலை. களைக்கு மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் மிச்சம் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முறையிட்டால் எப்போதாவது ஒருவர் வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துப் போகிறார். அறிக்கை நல்லதாகவே வருகிறது. வராமல் என்ன? போத்தலுக்கு அன்றைய தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

ஓடையிலேயே குடியிருக்கும் சாட்சியை யாரும் விசாரிப்பதில்லை. நீருக்குள் வளர்ந்து பின் சிறகு முளைத்துப் பறக்கும் மே ஈ (mayfly) என்ற பூச்சியின் இளம்பருவத்தைச் சொல்கிறேன். ஓடும் நீரில் கிடக்கும் கல்லொன்றைத் தூக்கித் திருப்புங்கள். தட்டையாக ஒட்டிக் கிடக்கும் ஒன்று பக்கவாட்டில் நழுவி நிழலுக்கு ஓடும். பின்னால் நூல் போல மூன்று வால். சில வகைக்கு இரண்டு. வெள்ளைப் பீங்கானில் நீரூற்றி விட்டால் வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடப்பது தெரியும். மண் கரைந்து படிந்தாலும், நஞ்சு கலந்தாலும், ஒட்சிசன் குறைந்தாலும் முதலில் அடிபடுபவற்றில் அதுவும் ஒன்று. வளர்ந்த மே ஈ எதையும் உண்பதில்லை. சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள் பறந்து, முட்டையிட்டுச் சாகும். அதற்கு முன் மாதக்கணக்கில் நீருக்குள் இருந்திருக்கும். யாரும் பார்க்காத வேளையில் ஓடையில் இறங்கியதெல்லாம் அதன் மேல் பட்டிருக்கும்.

உங்களுக்கு முன்பிருந்த வெள்ளைக்காரத் துரைமார் இந்தப் பூச்சியை அறிந்தவர்கள். நுவரெலியா ஆறுகளில் டிரவுட் மீனை விட்டு, பூச்சியைப் போல இறகு கட்டிய தூண்டிலால் பிடித்தார்கள். மீனிடம் காட்டிய கரிசனத்தில் பாதியைப் பீலிக்கரையிலும் காட்டியிருக்கலாம்.

மே ஈக்களில் எபெமெரா என்ற பேரினத்துக்கு, உயிர்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் பெயரிட்டார். அதன் இளம்பூச்சிகள் ஆற்று மணலில் வளை தோண்டி வாழ்பவை. அந்தப் பேரினத்தில் ஓர் இனமான எபெமெரா டானிக்கா இன்றும் ஐரோப்பாவில் பறக்கிறது. இலங்கையின் எபெமெரா சப்போசிட்டாவைப் பூச்சியியலாளர் ஈட்டன் 1883இல் விவரித்தார். 1890இல் பூச்சியியலாளர் ஸ்கடர் இதே பேரினத்தில் சேர்த்த சில இனங்களோ அமெரிக்காவின் கொலராடோவில், ஃபுளோரிசன்ட் பாறைத் தகடுகளில், ஏறக்குறைய 340 இலட்சம் ஆண்டுகளாகப் புதைபடிவமாகப் பதிந்து கிடந்தவை. அவை அழிந்ததில் எந்த மனிதனுக்கும் பங்கில்லை. இங்கே அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

களைக்கு அடிக்கும் மருந்தான கிளைபோசேட்டுக்கு 2015இல் இலங்கையில் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது திரும்பி வந்தது. இரண்டு முறையும் எங்கள் ஓடைக்கு யாரும் வரவில்லை.

கேட்பது பெரிய செலவல்ல. ஓடையின் இரு கரையிலும் மருந்து படாத ஒரு பட்டையை விடுங்கள். புல்லும் மரமும் நிற்கட்டும். மருந்து டேங்க் கழுவ எட்டத்தில் ஓர் இடம் கொடுங்கள். மாதம் ஒருமுறை தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரோடு போய்க் கற்களைப் புரட்டி, கண்டதைக் கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பி சபைக் கூட்டத்துக்கு வரட்டும்.

மே ஈ இருப்பதால் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கிருமியை அது காட்டாது. சில வகைகள் ஓரளவு அழுக்கையும் தாங்கும். ஆகவே தலையை எண்ணினால் போதாது, எத்தனை வகை என்று பார்க்க வேண்டும். வெள்ளம் வந்தாலும், பறக்கும் பருவம் வந்தாலும் எண்ணிக்கை குறையும். மாதாமாதம் என்று கேட்பது அதனால்தான். இரண்டுமில்லாமல், பல வகை இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தால், எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று கேட்போம். மருந்தடித்த பதிவேட்டையும் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.