அந்த நீலச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள வாலு,

நாலு மாதமாக எழுதாததற்கு வேலை காரணமில்லை. கடைசியாகப் பேசியபோது நீ ஒன்று கேட்டாய்: "உலகத்துல இருக்கற துணி போதாதா? நீ வேற படிச்சுட்டு வந்து புதுசா தைக்கணுமா?" விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாய். எனக்குப் பதில் வரவில்லை. பதில் இல்லாமல் கடிதம் எழுதவும் மனம் வரவில்லை. அப்படியே நாள் ஓடிவிட்டது, மன்னித்துவிடு. அம்மாவுக்கு முழங்கால் எப்படி? மாடி ஏற முடிகிறதா? குருவிக்கு வேலை கிடைத்ததாமே, அவளுக்கும் எழுத வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் முழுக்க பேட்டர்ன் கட்டிங், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித அச்சு செய்வது. திங்கட்கிழமை அடிப்படை பிளாக் வரைந்தோம். மார்பு, இடுப்பு, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை என்று அளவெடுத்து, அதைக் காகிதத்தில் கோடாக்குவது. பாதி உடம்புக்குத்தான் வரைவார்கள் தெரியுமா? இன்னொரு பாதியும் அதே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டு மடித்து வெட்டிவிடுவார்கள். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து வலது தோளில் மட்டும் பை மாட்டி, ஒரு பக்கம் சாய்ந்த தராசு மாதிரி நடப்பாயே. உனக்கு எந்தச் சட்டையும் சரியாக உட்காராததில் அதிசயமே இல்லை.

அன்று மதியம் டார்ட். நெஞ்சு முனையைச் சுற்றித் துணியைக் குவிப்பதற்கு முக்கோணமாக மடித்துத் தைப்பார்களே, அதுதான். அதைத் தோளில் வைக்கலாம், அக்குளுக்குக் கீழே வைக்கலாம், இடுப்பில் வைக்கலாம். காகிதத்தில் புது இடத்திலிருந்து நெஞ்சு முனை வரை ஒரு கோடு வெட்டி, பழைய டார்ட்டை மூடினால், வெட்டிய இடம் தானாக வாய் திறக்கிறது. கோணம் அப்படியே இருக்கிறது, இடம் மட்டும் மாறுகிறது. நூல்கண்டு டீச்சர் வடிவியலை இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நீ அந்தப் பரீட்சையில் அழுதிருக்க மாட்டாய். நான் ஏழெட்டு முறை மூடித் திறந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை வெட்டு. வெட்டுத்துணி ஒன்றையும் குப்பையில் போடக் கூடாது, அவரவர் பையில் போட வேண்டும் என்றார் ஆசிரியை. மாலையில் எல்லாருடைய பையும் தராசில் ஏறியது. நான் எடுத்த காடாத் துணி 250 கிராம். பையில் விழுந்தது 52 கிராம். ஐந்தில் ஒரு பங்கு! ஆலைகளில் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் வெட்டிலேயே போகிறது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. சொந்தத் துண்டுகளை மேஜையில் பரப்பிப் பார்த்தபோதுதான் வலித்தது. பெரும்பாலானவை பிறை வடிவம். கைக்குழி, அதாவது கை நுழையும் இடத்து வளைவின் வெளிப்பக்கம், கழுத்து வளைவு, கையின் மேல்வளைவுக்கு இரண்டு பக்கமும் விழுந்த துண்டுகள். வளைவும் வளைவும் ஒன்றோடொன்று பொருந்தாது, இடையில் இருப்பதெல்லாம் குப்பை. பேட்டர்னில் நான் அந்த வளைவை வரைந்த நிமிடமே அந்த 52 கிராம் முடிவாகிவிட்டது, வாலு. அதற்குப் பிறகு எவ்வளவு ஜாக்கிரதையாக வெட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது.

அன்று இரவு தூங்கவில்லை. ஜப்பானியர்களின் கிமோனோ உடையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சுமார் 36 செ.மீ அகலத் துணி, நேர்கோட்டில் மட்டும் வெட்டு, எல்லாமே செவ்வகம். பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மறுபடி ஒரே பட்டையாகிவிடும். 1920-ல் தயாத் என்ற இத்தாலியக் கலைஞர், நேர்கோடுகளாலேயே வெட்டித் தைக்கிற ஒரு முழு உடையின் பேட்டர்னை புளோரன்ஸ் நாளிதழில் வெளியிட்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் வீட்டில் தைத்துக்கொள்ளட்டும் என்று. நூறு வருஷத்துக்கு முன்பே!

புதன்கிழமை நானும் இறங்கினேன். உடல் ஒரு செவ்வகம், கைகள் இரண்டு செவ்வகம். கழுத்துக்காக முன்பக்கம் வெட்டியெடுத்த 20-க்கு 10 செ.மீ துண்டைக்கூட விடவில்லை, சின்னப் பாக்கெட்டாக வைத்துவிட்டேன். தராசில் என் பைக்கு எடையே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வியாழன் காலை வகுப்புத் தோழி அதைப் போட்டுப் பார்த்தாள். மேல் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுக்கச் சொன்னேன். கை தோள் உயரம்கூடப் போகவில்லை, சட்டையின் அடி இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் எட்டியபோது அக்குளில் தையல் பிய்ந்தது. துணியை மிச்சம் பிடிக்க உடலைக் குறுக்கியிருந்தேன். மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை இருக்க வேண்டிய நீளமே அதில் இல்லை. யாரும் போட முடியாத சட்டை என்றால் 250 கிராமும் வீண். ஆசிரியை திட்டவில்லை. "அக்குளில் ஒரு சதுரம் வை" என்று மட்டும் சொன்னார்.

சதுரத்துக்குத் துணி எங்கே? ஒரு துண்டுகூட மிச்சமில்லையே. பாக்கெட்டைப் பிரித்தேன். 20-க்கு 10, நடுவில் வெட்டினால் 10-க்கு 10-ஆக இரண்டு. இந்தக் கைக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று. சதுரத்தின் நாலு பக்கத்தில் இரண்டு கையோடு, இரண்டு உடலோடு. சுற்றிலும் ஒரு செ.மீ தையலுக்கு. மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, அடுத்த பக்கம் போக வேண்டும். ஒரு தையல் தாண்டினால் சுருக்கம், ஒரு தையல் குறைந்தால் ஓட்டை. இரண்டு சதுரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அப்புறம் அவள் கையைத் தூக்கினாள், வாலு. நேராக, காதோடு ஒட்டி! சட்டையின் அடி அசையவே இல்லை.

காரணம் புரிந்தபோது இன்னும் பிரமிப்பு. கையைத் தூக்கும்போது இழுப்பு சதுரத்தின் மூலைக்கு மூலையாகப் போகிறது, அதாவது இழைகளுக்குச் சாய்வாக. பாவையும் ஊடையையும், அதாவது நீள, அகல இழைகளை, நேராக இழுத்தால் துணி நெகிழாது, 45 டிகிரியில் இழுத்தால் நெகிழும். மதலின் வியோனே என்ற பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் 1920-களில் பாதி அளவு மரப் பொம்மையில் துணியைப் போட்டுப் போட்டுப் பார்த்து, முழு கவுனையே இந்தச் சாய்வு வெட்டில் செய்தார். அந்த வித்தைதான் உள்ளங்கையளவு துண்டிலும் வேலை செய்கிறது.

அன்று ராத்திரி வேறு ஒன்றும் உறுத்தியது. மலிவுச் சட்டைகளில் இந்தச் சதுரம் ஏன் இல்லை? நேரம் பிடிக்கும். அதற்குப் பதிலாகக் கைக்குழியை ஆழமாக இறக்கிவிடுவார்கள், எல்லா உடம்புக்கும் எப்படியோ நுழையும். நிமிடத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் விலை குறைகிறது. அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2013 ஏப்ரல் 24 இருக்கிறது. டாக்காவுக்கு அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஒரு மூலையைத் திருப்பித் தைக்க எவ்வளவு கவனம் வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்த பிறகு, அந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

உன் கேள்வி நியாயமானதுதான். துணி போதும். நான் தைக்க வேண்டியது புதுசாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உன்னிடம் ஒரு நீலச் சட்டை இருக்கிறதே, இரண்டு பாக்கெட் வைத்தது, ஆசையாக வாங்கி மூன்றே முறை போட்டாய். கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே வருகிறது, உடம்பு குண்டாகிவிட்டது என்று அலமாரிக்குள் திணித்தாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்குழி மிக ஆழம், அவ்வளவுதான். குழி ஆழமாக இருந்தால் வசதி என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது அக்குளை விட்டு இறங்க இறங்க, கையோடு சேர்த்து உடலையும் இழுக்கும். இரண்டு பாக்கெட்டையும் பிரித்தால் எனக்கு இரண்டு சதுரம் கிடைக்கும். பாக்கெட் இருந்த இடத்தில் பழைய தையல் தடம் தெரியும், அதை மறைக்க மாட்டேன்.

சட்டையை அனுப்பு. கூடவே அளவும் வேண்டும். முழங்கையை மடித்து மேல்கையின் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து தோள் நுனி வரை, அக்குளிலிருந்து இடுப்பு வரை. இடது தனியாக, வலது தனியாக எடு. அம்மாவை டேப்பைப் பிடிக்கச் சொல், நீயே எடுத்தால் குனிந்துவிடுவாய்.

அன்புடன்,
உன் ஊசி