ஆறாம் வகுப்பில் தவறும் கணக்கு

ஆசிரியருக்கு,

பள்ளிச் சேர்க்கை பற்றி உங்கள் இதழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எல்கேஜி வாசலிலேயே நின்றுவிடுகின்றன. எந்தப் பள்ளி, எவ்வளவு கட்டணம், தனியார் பள்ளியில் இலவச இடம் தரும் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) குலுக்கலில் பெயர் வருமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கல்லூரி இடமாகவும் ரொக்கமாகவும் வந்து சேரும் சலுகைகளோ, பிள்ளை ஆறாவதிலும் ஒன்பதாவதிலும் எங்கே படித்தது என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. அந்த இரண்டு ஜூன் மாதங்களிலும் பெற்றோரைக் கூப்பிட்டு விவரம் சொல்ல ஆளில்லை.

முதலில் 7.5 விழுக்காடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-லும் சட்டம் போட்டு இந்த ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. இதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முக்கிய நிபந்தனை: 6 முதல் 12 வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய் வந்தாலும் தகுதி போய்விடும்.

ஊரில் நடப்பது என்ன? ஐந்தாவது வரை தெருமுனை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, 'ஆறாவதிலிருந்தாவது நல்ல பள்ளியில் படிக்கட்டும்' என்று கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறார்கள். எட்டாவதில் கட்டணம் கட்ட முடியாமல் திரும்ப அழைத்து வருகிறார்கள். இரண்டாண்டுப் பணமும் போனது, 7.5-ம் போனது. இதையே தலைகீழாகச் செய்த குடும்பத்துக்கு, அதாவது ஐந்தாவது வரை தனியாரில் படிக்கவைத்து ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றியவர்களுக்கு, இந்த ஒதுக்கீட்டில் எந்த இழப்பும் இல்லை. தனியார் பள்ளிக்குச் செலவழிக்கச் சில ஆண்டுப் பணம்தான் கையில் இருக்கிறது என்றால், அதை எந்த ஆண்டுகளில் செலவழிப்பது என்பது கட்டணத் தொகையைவிடப் பெரிய கேள்வி.

இன்னொரு கண்ணி, பெயர்ப்பலகை. 'அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி' என்று எழுதியிருப்பதில் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு, 'அரசுப் பள்ளிதானே' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கட்டணமும் சொற்பம், சத்துணவும் உண்டு, பிறகு ஏன் சந்தேகம் வரப்போகிறது? ஆனால் உதவிபெறும் பள்ளிக்கு 7.5 கிடையாது. குழப்பத்துக்கு இன்னும் ஒன்று: கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவருக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. ஒரே பள்ளிக்கு ஒரு திட்டம் உண்டு, இன்னொன்று இல்லை. அதிகம் படித்திராத பெற்றோர் இதை எப்படிப் பிரித்தறிவார்கள்?

அடுத்து ஆர்.டி.இ. பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவில் கிடைத்த இலவச இடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவதில் முழுக் கட்டணம். இவர்களுக்கென்று ஒரு கதவு திறந்தே இருக்கிறது: 6 முதல் 8 வரை ஆர்.டி.இ. இடத்தில் தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5-க்குத் தகுதி உண்டு. பழகிய பள்ளியாயிற்றே என்று ஒன்பதாவதை அங்கேயே பணம் கட்டிப் படித்துவிட்டுப் பத்தாவதில் மாறினால் அந்தக் கதவு மூடிவிடும். மத்திய, மாநில நிதித் தகராறில் 2025-26 ஆர்.டி.இ. சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எட்டாவது முடித்து வெளியே வரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது வந்ததா?

எட்டாவதிலேயே இன்னொன்றும் கைநழுவுகிறது. ஏழை மாணவருக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காண்டில் 48,000. இது அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவருக்கு மட்டும்தான். எவ்வளவு ஏழையாக இருந்தாலும் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதை எழுத முடியாது.

பயிற்றுமொழிக் கணக்கு தனி. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். குரூப் 4 போல பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் வேலை என்றால் 1 முதல் 10 வரை. பட்டம் கேட்டால் பட்டம் வரை. அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்தவருக்கு 7.5 உண்டு, இந்த 20 இல்லை.

தகுதி இருந்தும் தாளில் கோட்டைவிடுபவர்கள் வேறு. கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஆறாவது முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளியின் பெயரும் மாவட்டமும் கேட்பார்கள். தலைமையாசிரியர் கையொப்பமிட்ட போனஃபைடும் (அந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்று) வேண்டும். எட்டாவதோடு பள்ளி மாறிய ஆர்.டி.இ. மாணவர் டி.சி.யை மட்டும் வாங்கி வந்தால் போதாது. 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் படித்தார்' என்று தெளிவாக எழுதிய சான்று தேவை. நான்காண்டு கழித்து, கலந்தாய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பழைய பள்ளியில் போய் நின்றால், எழுத்தர் பதிவேட்டைத் தேடுவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

இதற்காக எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. பதினொன்றாவதில் பிள்ளை கேட்கும் பாடப்பிரிவு பஸ் வசதியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறதா, இயற்பியலுக்கும் கணக்குக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று ஆறாவதிலேயே விசாரிக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் 7.5 வெறும் காகிதம்தான்.

கல்வித் துறை செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. ஐந்தாம் வகுப்பு டி.சி.யோடு இந்த நிபந்தனைகளை அச்சிட்ட ஒரு தாளைக் கொடுக்கலாம். எட்டாவது முடிக்கும் ஒவ்வொரு ஆர்.டி.இ. மாணவருக்கும், பெற்றோர் கேட்காமலேயே, அந்தப் போனஃபைடைத் தனியார் பள்ளி டி.சி.யோடு சேர்த்துத் தர வேண்டும் என்று வரும் மே மாதத்துக்குள் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்